தனுஷ்கோடி பேய் நகரமா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடங்கள் அடைபடும் நாள் நெருங்கினால் எம் சங்கரன்கோவிலில் வாடகை வேன்களுக்குக் கிராக்கி பிறந்துவிடும். நம் வீட்டார் போடும் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒன்றேதான். ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் புறப்பாடு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாயல்குடி வழியே ஏர்வாடி. அங்கே ஜியாரத்தும் பகலுணவும். பிறகு பாம்பன் பாலம், பேய்க்கரும்பில் அப்துல் கலாம் அவர்களின் அடக்கவிடம், இராமேசுவரம். கடைசியாக, பிள்ளைகள் காலையிலிருந்தே கேட்டு நச்சரித்துக் கொண்டிருக்கும் ‘பேய் நகரம்’. அதாவது தனுஷ்கோடி.

சென்ற டிசம்பரில் நாமும் அந்த வேனில் இருந்தோம். பெண்டிரும் பிள்ளைகளுமாக இருபது பேர். வேன் முகுந்தராயர் சத்திரத்தைக் கடந்ததுமே ஓட்டுநர் கதையைத் தொடங்கிவிட்டார். இரவில் இரயில் ஊதும் ஓசை கேட்குமாம். மணலில் நனைந்த காலடிகள் தெரியுமாம். இருட்டிய பின் நிற்பவர்களைப் பெயர் சொல்லி அழைக்குமாம். இடிந்த மாதா கோவிலின் சுவரருகே இறங்கியதும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் மீதிக் கதையை ஏற்றுக்கொண்டார். சுவர்ப் பொந்து ஒன்றைக் காட்டி, காதை வைத்துக் கேட்கும்படி பிள்ளைகளிடம் சொன்னார். எம் பேரன் காதை வைத்தான். பின்னாலிருந்து அவனுடைய மாமன்மார் ஓவென்று கத்தினார்கள். பிள்ளை அலறிக்கொண்டு மணலில் விழுந்தான். எல்லோரும் சிரித்தார்கள். மறைப்பானேன், நாமும் சிரித்தோம்.

ஊர் திரும்பிய இரண்டாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. இரவில் கொல்லைப்புறம் போக மறுத்தான். விளக்கை அணைத்தால் அழுதான். பெண்கள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசி, கடைசியில் அவனைத் தூக்கிக்கொண்டு ஓதிப் பார்க்க வந்தது எம்மிடமேதான்! முப்பதாண்டுகளாக மதரஸாவில் அகீதா நூலைப் பாடம் நடத்திய நாம், அந்த மாதா கோவில் சுவரருகே பல்லைக் காட்டி நின்ற நாம், பிள்ளையின் நெற்றியில் கைவைத்து ஓதினோம். அந்தக் கையின் நடுக்கந்தான் இக்கட்டுரை.

தனுஷ்கோடி என்னும் பெயரை நாம் முதன்முதலில் கேட்டது பேய்க் கதையில் அன்று. எம் தந்தையாரின் வாயில். எம் வட்டாரத்திலிருந்து கொழும்புக்குச் ‘சபுர்’ போன ஆயிரக்கணக்கானோரில் அவரும் ஒருவர். பதினான்கு வயதில் புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, ‘போட் மெயில்’ இரயில் தனுஷ்கோடித் துறை வரை ஓடத் தொடங்கிய பிறகு, தென்பாண்டி நாட்டவருக்கும் இலங்கைக்கும் இடையே 20 மைலுக்குச் சற்று மேற்பட்ட கடல்தான் மிச்சமிருந்தது. இரயிலை விட்டிறங்கி நீராவிக் கப்பலில் ஏறினால் அடுத்த கரை தலைமன்னார். தனுஷ்கோடியில் துறைமுக அலுவலகம் இருந்தது. சுங்கச்சாவடி, தபால் தந்தி அலுவலகம், இரயில்வே மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோவில், மாதா கோவில், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் இருந்தன. சபுராளி வீட்டுப் பெண்களுக்கு அது ஓர் ஊரின் பெயர் மட்டுமன்று. ‘தனுஷ்கோடி வந்தாச்சாம்’ என்றால் மனிதர் உயிரோடு கரை சேர்ந்துவிட்டார் என்று பொருள். அடுப்பில் உலை கூட்டி வைக்கலாம் என்று பொருள்.

அரபு மொழி கற்றோருக்கு இங்கே இன்னொன்றும் நினைவுக்கு வரும். அரபுப் புவியியலாளர்கள் இந்தப் பாண்டிக் கடற்கரையை ‘மஅபர்’ என்று அழைத்தனர். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். ஐன், பே, ரே என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்த சொல். அதே வேரிலிருந்து ‘உபூர்’, கடத்தல்; ‘இப்ரத்’, கண்டதைக் கடந்து கருத்தை அடையும் படிப்பினை; ‘அப்ரத்’, கண்ணைக் கடந்து வழியும் நீர். துறைக்கும் படிப்பினைக்கும் கண்ணீருக்கும் ஒரே வேரை வைத்த மொழியில், அவற்றில் எதற்கும் கூச்சல் என்று பொருளில்லை.

உலகம் சுற்றிய இப்னு பதூதா 1340-களில் இலங்கையிலிருந்து இந்த மஅபருக்குக் கப்பலேறியபோது புயலில் சிக்கினார். கப்பல் தரை தட்டியது. தம்மோடிருந்தோரை மிதவையில் அனுப்பிவிட்டு, இரவு முழுவதும் கப்பலின் பின்பகுதியில் ஒடுங்கிக் கிடந்தார். விடிந்ததும் இக்கரை மக்கள் படகில் வந்து அவரை மீட்டார்கள். அவர்கள் அவருடைய மார்க்கத்தைச் சேர்ந்தவர்களல்லர். முன்பின் அறியாத அரபிக்குப் படகு செலுத்தி வந்த அந்தக் கரைவாசிகளின் வழித்தோன்றல்களைத்தான் நாம் இன்று பேய் நகரத்தார் என்கிறோம்.

நடந்ததை நம் பிள்ளைகளுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லையாதலின் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1964 டிசம்பர் நடுவில் அந்தமான் கடலில் தோன்றிய காற்றழுத்தம் வலுத்துப் புயலாகி, 22-ஆம் தேதி இலங்கையின் வடபகுதியைத் துவைத்துக் கடந்து, அன்றிரவு பாக் நீரிணைக்குள் புகுந்தது. ஒருபுறம் பெண் கடல், மறுபுறம் ஆண் கடல் என்று அங்குள்ளோர் அழைக்கும் இரு கடல்களுக்கு நடுவே, ஒரு மணல் நாக்கின் மேல் அமைந்த ஊர் அது. ஓடி ஏற ஒரு மேடுமில்லை. இருபதடிக்கு மேல் உயர்ந்தெழுந்த அலை ஊரின் மேல் நடந்தது. நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பயணிகள் வண்டி தனுஷ்கோடி நிலையத்தை அடையச் சற்றுத் தொலைவே இருந்தபோது, கைகாட்டி விளக்கு எரியவில்லை. ஓட்டுநர் நின்று பார்த்தார், நெடுக ஊதினார், பிறகு துணிந்து மெல்ல நகர்த்தினார். அலை வண்டியை முழுதாக வாரிக்கொண்டது. அதிலிருந்த பயணிகளும் ஊழியர்களுமாக 115 பேர் என்பது அரசுக் கணக்கு. சீட்டின்றி ஏறியவர்களையும் சேர்த்தால் 200 வரை இருக்கலாம் என்பர். பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126-இன் உத்திரங்கள் கடலில் வீழ்ந்தன. புயல் கொண்டுபோன உயிர்கள் இரு நாட்டிலுமாக ஏறத்தாழ 1,800.

பாலத்தை 46 நாட்களில் நிமிர்த்திவிட்டார்கள். பொறியாளர் ஸ்ரீதரனின் பெயரை நாடறிய வைத்த முதற் பணி அது. ஊரை மட்டும் யாரும் நிமிர்த்தவில்லை. மக்கள் வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. கப்பல் துறை இராமேசுவரத்துக்கு மாறியது. புயலுக்கு ஏறக்குறைய எட்டு வாரம் முன்னர், 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களை விட்டுத் திரும்பிய நம் மக்கள்கூட, இந்தத் துறையில் அல்ல, இராமேசுவரத்தில்தான் வந்திறங்கினார்கள்.

எம் தந்தையார் கடைசியாகத் தனுஷ்கோடியைக் கடந்தது அவ்வாண்டு கார்த்திகையில். துறைக்கு எதிரே ஓலைக் கொட்டகையில் தேநீர் விற்ற ஒருவரை அவர் அடிக்கடி நினைவு கூர்வார். ஒருமுறை கையில் காசில்லாமல் இறங்கியபோது அந்த மனிதர் தேநீரும் இரண்டு வடையும் கொடுத்து, ‘அடுத்த சபுரில் கொடு’ என்றாராம். அடுத்த சபுர் வருவதற்குள் கொட்டகையுமில்லை, ஊருமில்லை. அவர் பெயரென்ன, முஸ்லிமா, இந்துவா, கிறித்தவரா, தந்தையாருக்குத் தெரியாது. உயிரோடு தப்பினாரா என்பதும் தெரியாது. ஆனால் வானொலியில் புயல் எச்சரிக்கை கேட்கும்போதெல்லாம் தந்தையார் ஒளூச் செய்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். ‘அந்த டீக்கடைக்காரருக்கு ரெண்டு ரூபா பாக்கி இருக்குது’ என்பார். தமது மௌத்துக்கு முன் ஓர் ஏழைக்கு அந்தக் கடனைச் சதகாவாகக் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார். அவருடைய மகனாகிய நாம் அந்தக் கொட்டகை இருந்த மணலில் நின்றுதான் சிரித்துவிட்டு வந்திருக்கிறோம்.

இனி, அந்தப் பெயரைக் கவனிப்போம். ஆங்கிலேயர் தம் மொழியில், மக்கள் விட்டுப்போன ஊரைக் குறிக்கும் ஒரு தொடரை வைத்திருக்கிறார்கள். அங்கே அதற்குப் பாழடைந்த ஊர் என்பதற்கு மேல் பொருளில்லை. அதை யாரோ ஒருவர் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினார். தமிழில் ‘பேய்’ இறங்கிவிட்டது. பாழூர் என்றொரு நல்ல தமிழ்ச் சொல் இருக்க, மொழிபெயர்ப்புப் பிழை ஒன்று ஓர் ஊருக்கே பேய் பிடிக்க வைத்துவிட்டது! இத்தனைக்கும் அதே தீவில் பேய்க்கரும்பு என்றே ஓரிடம் உண்டு. 2015-இல் கலாம் அவர்களை நல்லடக்கம் செய்த இடம். அங்கே எந்தப் பிள்ளையும் அலறுவதில்லை. அது நாணல் வகைப் புல்லின் பெயர் என்பது ஊரறிந்தது. பேய்ச்சுரை, பேய்ப்புடல் என்பது போல. சமைக்க உதவாத சுரைக்காய்க்குத் தமிழன் கொடுத்த அடைமொழியைச் செத்துப்போன தன் உடன்பிறப்புகளுக்கும் கொடுத்துவிட்டான்.

‘பெயரில் என்ன இருக்கிறது ஹஜ்ரத்? பயம் வந்தால்தானே மௌத்து நினைவு வரும்?’ என்று எம்மிடம் ஒரு பெரியவர் வாதிட்டார். வேன் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே. அவரை மதிக்கிறோம். ஆயினும் மௌத்தின் நினைவு வேறு, பேயச்சம் வேறு. முன்னது, நானும் இவ்வாறு போகப் போகிறவன் என்று இறந்தோரிடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது. பின்னது, இறந்தவன் என்னைப் பிடிக்க வருகிறான் என்று அவனைப் பகைவனாக்கி ஓடுவது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கபுறுகளைச் சந்திப்பதை முதலில் தடுத்து, பின்னர் மறுமையை நினைவூட்டும் என்று கூறி அனுமதித்தார்கள். அனுமதித்ததோடு, அங்கே செல்வோர் சொல்ல ஸலாமும் கற்றுக் கொடுத்தார்கள். வாசலில் நிற்கும் விருந்தினன் வீட்டுக்காரருக்குச் சொல்வது போன்ற அதே ஸலாம்! அஞ்சத்தக்க பொருளுக்கு யாரேனும் ஸலாம் சொல்வார்களா?

பயமுறுத்தி விளையாடுவது பற்றியும் தீர்ப்பு இல்லாமலில்லை. பயணமொன்றில் தோழர் ஒருவர் உறங்கியபோது அவரிடமிருந்த கயிற்றை மற்றவர்கள் விளையாட்டாக எடுக்க, அவர் திடுக்கிட்டு எழுந்தார். அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என்றார்கள். வளர்ந்த ஆணுக்கு, ஒரு கயிற்று விஷயத்தில், இந்தத் தீர்ப்பு. ஆறு வயதுப் பிள்ளையின் காதில் ஓவென்று கத்திய மாமன்மாருக்கு என்ன தீர்ப்பு? பக்கத்தில் நின்று சிரித்த நன்னாவுக்கு?

இறந்தோரின் ரூஹு அலைந்து திரிவதாக நம் அகீதா கூறவில்லை. ரூஹுகள் பர்ஸகில் இருக்கின்றன. எழுப்பப்படும் நாள் வரை அங்கிருந்து திரும்பி வரும் வழி இல்லை. ஜின்கள் உண்டு என்று நம்புகிறோம். ஆனால் ஜின் வேறொரு படைப்பு, செத்த மனிதனன்று. பாலைவனத்தில் ‘கூல்’ என்றொன்று உருமாறி வந்து பயணிகளை வழி தவறச் செய்யும் என்று அறியாமைக் கால அரபியர் நம்பினார்கள். அப்படியொன்று இல்லையென்று நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். இன்னும் ஒன்று சொல்வோம். அந்த அறியாமைக் கால அரபுக் கவிஞர்கள்கூடப் பாழிடங்களை எப்படிப் பாடினார்கள்? காதலியின் குடியினர் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போன இடத்தில், அடுப்புக் கல்லும் சாம்பலும் கிடக்கும் இடத்தில், ஒட்டகத்தை நிறுத்தி அழுதுவிட்டுத்தான் கஸீதாவைத் தொடங்கினார்கள். ‘அத்லால்’ என்று நாம் மதரஸாவில் பாடமாகப் படித்தது இதைத்தான். குர்ஆன் இறங்காத காலத்து மனிதன் பாழிடத்தில் நின்று அங்கு வாழ்ந்தவளின் பெயரைச் சொல்லி அழுதான். குர்ஆன் ஓதுகிற நாம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் பல்லைக் காட்டுகிறோம்.

பூமியில் சுற்றி வந்து முன்னோரின் முடிவைப் பாருங்கள் என்று குர்ஆன் பலவிடங்களில் ஏவுகிறதே என்று நம்மை மடக்க நினைப்போர் உண்டு. ஏவுகிறது, மெய்தான். ஆனால் எப்படிப் பார்ப்பது என்பதைத் தபூக் பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் செய்து காட்டினார்கள். ஸமூது கூட்டத்தாரின் குடைவரை வீடுகள் இருந்த ஹிஜ்ர் பள்ளத்தாக்கைக் கடந்தபோது, அழுதவர்களாக அன்றி உள்ளே நுழையாதீர்கள் என்று தோழர்களைத் தடுத்தார்கள். தலையைப் போர்த்திக்கொண்டு விரைந்தார்கள். அவ்வூர்க் கிணற்று நீரில் பிசைந்த மாவையும் ஒட்டகங்களுக்குப் போடச் சொன்னார்கள். ஸமூது, தண்டிக்கப்பட்ட கூட்டம். தண்டிக்கப்பட்டவர்களின் வீட்டுக்கே கண்ணீர்தான் நுழைவுச் சீட்டு என்றால், ஒரு குற்றமும் செய்யாமல் உறக்கத்தில் மூழ்கடிக்கப்பட்ட ஏழைகளின் வீட்டுக்கு?

குற்றமும் செய்யாமல் என்று வேண்டுமென்றேதான் எழுதினோம். மேடைகளில் ஏறி, பாவம் மிகுந்ததால் கடல் பொங்கியது என்று தனுஷ்கோடியை எடுத்துக்காட்டும் பேச்சாளர்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இவர்களின் குரல் இன்னும் ஓங்கியது. ஸமூதைப் பற்றி இறைவன் அறிவித்தான், நமக்குத் தெரியும். தனுஷ்கோடியைப் பற்றி இவர்களுக்கு யார் அறிவித்தது? நமக்கு அறிவிக்கப்பட்டிருப்பது இதற்கு நேர்மாறு. நீரில் மூழ்கி இறந்தவரும் இடிபாட்டில் சிக்கி இறந்தவரும் ஷஹீத்களின் வரிசையில் எண்ணப்படுவர் என்பது நாம் பலமுறை பயான் செய்த ஹதீஸ். அன்றிரவு மாண்டோரில் முஸ்லிம்களும் இருந்தார்கள். மரைக்காயர்களின் தீவல்லவா அது! கலாம் அவர்களின் தந்தையார் ஜைனுலாப்தீன், இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு இந்து யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லப் படகு கட்டியவர் என்பதை அவருடைய சுயசரிதை படித்தோர் அறிவர். ஷஹீத் என்று வெள்ளிக்கிழமை சொல்வதும், சனிக்கிழமை வேனேறி அவரையே பேய் என்பதும் ஒரே நாக்கா?

முஸ்லிமல்லாதோரும் அங்கே மாண்டார்களே, அவர்களுக்கும் நமக்கும் என்ன என்றும் ஓர் இளைஞர் கேட்டுவிட்டார். யூதர் ஒருவரின் பிரேதம் கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதராயிற்றே என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்னும் கருத்தில் திருப்பிக் கேட்டார்கள். இளைஞர்க்கு இதற்கு மேல் நாம் ஏதும் சொல்லவில்லை.

ஃபிக்ஹுக் கலையில் ஒரு பாடம் உண்டு. கடலில் மூழ்கி உடல் கிடைக்காதவருக்கு ஜனாஸாத் தொழுகை உண்டா? ஷாஃபிஈ மத்ஹபில் மறைவான ஜனாஸா கூடும். ஹனஃபி மத்ஹபில் கூடாது. இரு தரப்பு இமாம்களும் ஆதாரம் காட்டி வாதிட்டிருக்கிறார்கள். மாணவப் பருவத்தில், வறண்ட பாடம் என்று அதைக் கடந்துவிட்டோம். இப்போது எண்ணிப் பார்க்கிறோம். கரை ஒதுங்காத ஓர் உடலுக்கு உயிரோடிருப்பவர்கள் பட்டிருக்கும் கடன் எவ்வளவு என்று கணக்குப் பார்த்து ஏடுகளை நிரப்பியவர்கள் நம் முன்னோர்கள். 1964-இல் கரை ஒதுங்காத உடல்கள் எத்தனையோ! அந்தக் கடல்தான் அவர்களுக்குக் கபுறு. நாம் வேனை நிறுத்திக் கூச்சலிடுவது கபுறுஸ்தானின் நடுவே.

இவ்வளவும் இறந்தோரைப் பற்றியது. இருப்போரைப் பற்றி எம் நெஞ்சை இன்னும் அதிகம் அறுப்பது ஒன்றுண்டு. அதே வேன் அன்று பகலில் நின்ற ஊர் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அவ்வூரிலிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. 28 பேர் கருகி மாண்டார்கள். ஓட முடியவில்லை; சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அவ்விஷயத்தைத் தானாகவே எடுத்து விசாரிக்கும் அளவுக்கு நாடு அதிர்ந்தது. அவர்களைச் சங்கிலியில் பூட்டியது யார்? காப்பகக்காரர் மட்டுமா? நோய் என்று மருத்துவரிடம் கொண்டு போக வேண்டிய மகளை, தம்பியை, தாயை, பேய் பிடித்தது என்று சொல்லிக் கொண்டுவந்து விட்டுப்போன குடும்பங்கள் இல்லையா? எல்லா மதத்தாரும் அதிலுண்டு, நாமும் உண்டு. பேய் என்பது நம் நாட்டில் விளையாட்டுச் சொல்லன்று, ஐயா. அந்தச் சொல்லுக்கு இரும்புச் சங்கிலி செய்யத் தெரியும். பகலில் ஏர்வாடியில் ஃபாத்திஹா ஓதிவிட்டு மாலையில் தனுஷ்கோடியில் பிள்ளைக்குப் பேயைக் கற்றுக் கொடுக்கிறோமே, நாளை அந்தப் பிள்ளையின் தங்கைக்கு மனம் நோயுற்றால் அவன் முதலில் எந்தச் சொல்லை எடுப்பான்?

எல்லாக் கேளிக்கைக்கும் நாம் பகைவரல்லர். எமதூரில் ஆடித் தபசு வந்தால் சுற்று வட்டாரமே திரளும். அவ்வேளையில் தகரக் கொட்டகையில் பேய் வீடு ஒன்று வந்தால், அட்டை எலும்புக்கூட்டையும் சிவப்பு விளக்கையும் காட்டிக் காசு வாங்குவார்கள். நம் பையன்களும் போய்க் கத்திவிட்டு வருவார்கள். போகட்டும். அந்த அட்டைக்குத் தாயில்லை, தந்தையில்லை. அதே சங்கரநாராயணர் கோவிலுக்குள்தான், கும்பெனியாரை எதிர்த்த நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர் சிறைப்பட்டுச் செல்லும் வழியில் புகுந்து மறைந்தார் என்பது ஊரார் நம்பிக்கை. ஒரு மனிதர் உள்ளே போய்த் திரும்பாத இடம். பேய்க் கதை கட்ட இதைவிட வசதி உண்டா? ஆனால் எம்மூரில் யாரும் கட்டவில்லை. அவரைத் தம்மவர் என்று எண்ணுகிறார்கள், அதனால் கட்டவில்லை. தனுஷ்கோடிக்காரர்களை மட்டும் நாம் அப்படி எண்ணவில்லை.

சுற்றுலாவால் அங்குள்ள ஏழைகள் பிழைக்கிறார்களே என்பது கடைசி வாதம். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தபின் கூட்டம் பெருகியது உண்மை. சங்கும் பாசிமாலையும் பொரித்த மீனும் விற்று மீனவக் குடும்பங்கள் நாலு காசு பார்ப்பதும் உண்மை. அதை நாம் கெடுக்கவில்லை. ஆனால் அவர்கள் அங்கே வாழ்கிறார்கள் என்பதையே பேய்க்கதை மறைத்துவிடுகிறது. வாழத் தகாத இடம் என்ற அறிவிப்புக்குப் பிறகும் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு, கடலை விட மனமில்லாமல், தலைமுறைகளாக இருக்கிறார்கள். அன்று எம் பேரன் அழுதுகொண்டிருந்தபோது சங்கு விற்ற ஒரு மூதாட்டிதான் தம் கடையை விட்டெழுந்து வந்தார். பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து முகத்தைத் துடைத்தார்.

“பேயா? யாரு சொன்னா? நாங்க ராவெல்லாம் இங்கனதான் படுத்துக் கெடக்கோம். எங்கம்மாவக் கடலு கொண்டு போனது அந்தா அந்தப் பக்கந்தான். எங்கம்மா என்னைப் பயங்காட்டுமா? உன்னையத்தான் பயங்காட்டுமா?” என்று கேட்டார். பிறகு எம் பக்கம் திரும்பி, “பாய், வெயில்ல பிள்ளைய நிக்க வைக்காதிய. கூட்டிட்டுப் போங்க” என்றார். வழிகாட்டி அதற்குள் அடுத்த வேனுக்குப் போய்விட்டார். மாமன்மார் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த அம்மையாரின் கேள்விக்கு எம் அரபுக் கல்வி முழுவதிலும் மறுமொழி இல்லை.

இவ்வாண்டும் வேன் பேசியாகிவிட்டது. புறப்படும் நாள் டிசம்பர் 23; விடுமுறையின் முதல் நாள் என்று அவர்கள் குறித்தது. அன்றுதான் அந்த ஊர் அழிந்த நாள் என்பது குறித்தவர்களுக்குத் தெரியாது. வர மறுக்கவில்லை. மூன்று சொல்லியிருக்கிறோம். ஓட்டுநர் வழியில் கதை சொல்வதாயின் 653-ஆம் வண்டியின் கதையைச் சொல்லட்டும். தெரியாவிட்டால் நாம் சொல்கிறோம். இடிந்த சுவர்களின் மேல் யாரும் ஏறக் கூடாது. ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுவோர் தொழுதபின், கடலைப் பார்த்து நின்று துஆக் கேட்டுவிட்டுத்தான் மீன் கடைக்குப் போக வேண்டும். பெரியவர் முதலிரண்டுக்கு இசைந்தார். மூன்றாவதைக் கேட்டு, ‘பிள்ளைகளுக்கு அலுத்துப் போகுமே’ என்றார். பேரன் வருவதாக இல்லை. அந்தச் சங்குக்காரப் பாட்டியிடம் போகலாமா என்று கேட்டபோது மட்டும் சிறிது யோசித்தான். “அந்த டீக்கடை எங்கே இருந்துச்சு நன்னா? அதையும் காட்டுவீங்களா?” என்றான். காட்ட இடமில்லை என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை.